மனநோயும் தம்ம மருந்தும்

(பௌர்ணமி உபோசதக் கூட்டத்தில் ஆற்றிய அறவுரை)



திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று அமர்ந்திருக்கும் உங்கள் முன் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் புதியதன்று. சென்ற ஆண்டு மழைக்கால வாசத்தின்போது இதே மண்டபத்தில் நாம் பேசிய பொருளே அது. அன்று நாம் பேசியதில் ஒரு பிழை நேர்ந்தது. அப்பிழை மேடையோடு நின்றிருக்குமாயின் நம் நாவைத் திருத்திக்கொண்டு வாளாவிருந்திருப்போம். அது ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரை வரையில் சென்றுவிட்டது. ஆதலின் பிழை செய்த இடத்திலேயே நின்று அதனைத் திருத்துவது நம் கடன் என்று கருதி வந்திருக்கிறோம்.

அன்று நாம் கூறியது யாது? மனநோய்க்கெல்லாம் வேர் ஆசை. அவ்வேரை அறுப்பது தம்மம். ஆகவே தம்மத்தைப் பற்றியவனுக்கு வேறு மருந்து எதற்கு என்று கேட்டோம். கூட்டத்தினர் கைதட்டினர். கைத்தட்டல் நமக்கும் இனித்தது என்பதை மறைப்பானேன்? பின்வரிசையில் சுமார் முப்பது வயதுள்ள ஒருவர் அமர்ந்திருந்தார். ஆறேழு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மருந்துண்டு, உடல் தேறி, ஓர் அச்சகத்தில் காகிதம் மடிக்கும் வேலை செய்துவந்தவர். அன்றிரவே அவர் மாத்திரைப் பொட்டலத்தைக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டார்.

முதற் சில வாரங்கள் நன்றாகவே கழிந்தன. கைநடுக்கம் குறைந்தது, பகலில் வரும் மந்தமும் அகன்றது. தம்மம் வேலை செய்கிறது என்று அவரே தம் தமக்கையாரிடம் சொன்னாராம். மூன்றாம் மாதத்தில் இரவு உறக்கம் போயிற்று. பின்னர், தமக்கையார் வடித்த சோற்றில் நஞ்சு இருப்பதாகக் கூறி உண்ண மறுத்தார். ஒருநாள் விடியலில் வீட்டைவிட்டுப் போனவர், நான்காம் நாள் தும்கூர்ச் சாலையோரத்தில் வெறுங்காலும் வீங்கிய பாதமுமாகக் கண்டெடுக்கப்பட்டார். மீண்டும் மருத்துவமனை, ஐந்து வாரம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்யும் அந்தத் தமக்கையார் ஐந்து வாரக் கூலியையும் இழந்து தம்பியின் கட்டிலருகே இருந்தார்.

அவர் நம்மிடம் வந்தபோது நாம் வசவை எதிர்பார்த்தோம். அவர் வையவில்லை. "ஐயா, மாத்திரையை நிறுத்தும்படி புத்தர் பெருமான் எந்த இடத்தில் சொல்லியிருக்கிறார்? அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டுங்கள். நானும் படித்துத் தெரிந்துகொள்கிறேன்" என்று மட்டும் கேட்டார். நம்மிடம் விடை இல்லை. (அக்காளும் தம்பியும் இசைந்த பின்னரே ஈண்டு இதனைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம்.)

நாம் கற்றவரல்லோம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இந்நகரத்துப் பஞ்சாலை ஒன்றில் நூற்புப் பகுதியில் சேர்ந்து, ரிங் பிரேமின் முன் பல ஆண்டு நின்றோம். ஆலை மூடப்பட்டபோது வீட்டில் நான்கு வயிறுகள். கையில் தொழில் இல்லை. ஓராண்டுக் காலம் இரவில் கண் மூடவில்லை. அந்நாளில் ஒரு பிக்கு நமக்கு மூச்சைக் கவனிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார். சிறிது சிறிதாக உறக்கம் வந்தது. உறக்கத்தின் பின் தெளிவு வந்தது. நம்மை மீட்டது எல்லாரையும் மீட்கும் என்று எண்ணினோம். நம் பிழையின் பிறப்பிடம் அதுவே. நமக்கு வந்தது வேலையிழந்தவனின் துக்கம். அந்தத் தம்பிக்கு வந்ததோ நோய். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தோம்.

நம் பிழைக்கு ஒரு சூத்திரமும் துணைநின்றதென்று சொல்லவேண்டும். அங்குத்தர நிகாயத்தில், உடல்நோய் மனநோய் என நோய் இருவகைப்படும் என்றும், உடல்நோயின்றிப் பல்லாண்டு வாழ்ந்தோம் என்று சொல்லத்தக்கவர் உளர், கணப்பொழுதேனும் மனநோயின்றி இருந்தோம் எனத்தக்கவர் மாசறுத்தோரன்றிப் பிறர் அரியர் என்றும் ஒரு செய்தி வருகிறது. அதனைப் படித்த நாம் மருத்துவமனையில் பார்க்கும் மனநோயும் இதுவே என்று கொண்டோம். ஆங்கே பேசப்படுவது பற்றும் பகையும் மயக்கமும் ஆகிய பொதுநோய். அது நமக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு, நோயாளிக்கு மருந்தெழுதும் டாக்டருக்கும் உண்டு. சித்தம் கலங்கியவரைக் குறிக்க வினய நூல்கள் வேறொரு சொல்லை ஆளுகின்றன. உம்மத்தகர் என்பது அது. பிற்கால உரைகாரர்கள் அவ்வுன்மத்தத்தையும் பித்தம் திரிந்து வருவது, குடியால் வருவது, பேரிழப்பால் வருவது எனப் பலவாகப் பிரித்தனர். ஒரு சொல்லைப் பிழைபடப் படித்தவனுக்குக் கைதட்டல் கிடைத்தது; கேட்டவருக்கு வீங்கிய பாதம் கிடைத்தது.

தமக்கையார் கேட்ட அந்தப் பக்கத்தை நான்கு மாதம் தேடினோம். தமிழில் கிடைத்ததைத் தமிழிலும், கிடைக்காததை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்திலும் படித்தோம். நிறுத்து என்னும் பக்கம் அகப்படவில்லை. உட்கொள் என்னும் பக்கமே அகப்பட்டது.

வினய பிடகத்தின் மகாவக்கத்தில் மருந்துகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் என்னும் ஐந்தில் தொடங்கி வேர், இலை, காய், பிசின், உப்பு என்று விரிந்துசெல்லும் அது. துறவிகளின் ஒழுக்க நூலில் இத்தனை மருந்துச் சரக்கு எதற்கென்று முன்பெல்லாம் அப்பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போவோம்! அதே மகாவக்கத்தின் மற்றோரிடத்தில் வயிற்றுக்கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவின் கதை வருகிறது. அவர் பிறருக்கு எவ்வுதவியும் செய்ததில்லையாதலின் அவரை ஒருவரும் பார்க்கவில்லை. பகவான் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவ, இருவருமாகத் தலைப்பக்கமும் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். அதன்பின் சங்கத்தைக் கூட்டி, நோயாளியைப் பேணுவது தம்மைப் பேணுவதற்கு ஒப்பாகும் என்ற பொருள்படப் பகவான் உரைத்தருளினார். இவ்வளவும் நம்மில் பலர் கேட்டதே. இதனை அடுத்து வருவதைத்தான் நாம் கேளாதிருந்தோம்.

எத்தகைய நோயாளியைப் பேணுவது எளிது, எத்தகையவரைப் பேணுவது அரிது என்று பகவான் அங்கே வகுத்துச் சொல்கிறார். தனக்கு இசைந்ததைச் செய்பவன், அதிலும் அளவறிந்தவன், மருந்தை உட்கொள்பவன், பேணுவோரிடம் நோயின் நிலையை உள்ளபடி சொல்பவன், வலியைப் பொறுப்பவன்: இவனைப் பேணுதல் எளிது. மருந்தை உட்கொள்பவன்! இதனினும் தெளிவாக எவர் சொல்லவியலும்? பேணுவோருக்கும் ஐந்து தகுதிகளை வகுக்கிறார். மருந்தை ஆயத்தம் செய்யத் தெரியவேண்டும். ஆகுமுணவு ஆகாவுணவு அறியவேண்டும். ஆதாயம் கருதாது அன்பினால் பேணவேண்டும். மலம், சிறுநீர், வாந்தி இவற்றை எடுக்க அருவருத்தல் கூடாது. இவை நான்கும் ஆனபின், ஐந்தாவதாக, ஏற்ற காலத்தில் தம்ம உரையால் நோயாளியின் உள்ளத்தைத் தெளிவித்து ஊக்கவேண்டும்.

சகோதரர்களே, தம்ம உரை ஐந்தாவதாக நிற்கிறது. பகவானே அதற்குக் கொடுத்த இடம் அது. முதல் நான்கையும் செய்யாத நாம் ஐந்தாவதை முதலாவதாகத் தூக்கிக்கொண்டு போனோம். நமது தமிழ்ப் பௌத்த மறுமலர்ச்சிக்கு வித்திட்டவரும், 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவருமாகிய பண்டிதர் அயோத்திதாசர் தொழிலால் சித்த வைத்தியர் என்பதையும் ஈண்டு நினைவுகூர்கிறோம். நாடிபிடித்த கையே தம்மம் எழுதியது. அவர் வழிவந்தோம் என்று மார்தட்டும் நமக்கு மருந்து எப்படிப் பகையாயிற்று?

இனி, சித்தம் கலங்கியவரைப் பண்டைச் சங்கம் எவ்வாறு நடத்திற்று என்று பார்ப்போம். கக்கர் என்னும் பிக்கு சித்தங்கலங்கியவராயிருந்தார். உபோசத நாளை ஒருசமயம் நினைவில் வைப்பார், ஒருசமயம் மறப்பார். ஒருநாள் வருவார், ஒருநாள் வரமாட்டார். சங்கம் முழுமையாகக் கூடினாலன்றி உபோசதம் நிறைவுறாது என்பது விதி. இவருக்காகக் காத்திருப்பதா, இவரை விலக்குவதா? பகவான் விலக்கச் சொல்லவில்லை. கக்கர் நினைத்தாலும் நினையாவிடினும், வந்தாலும் வாராவிடினும், அவரோடு சேர்ந்தோ அவரின்றியோ உபோசதம் செய்யலாம் என்று சங்கம் கூடி ஓர் இசைவு அளிக்கச் செய்தார். அவர் இடம் அவருக்கே இருந்தது. சங்கத்தின் காரியமும் நின்றுபோகவில்லை.

பின்னர் அவர் தெளிந்தார். தெளிந்தவரைச் சில பிக்குகள் விடாது துளைத்தனர்: நீர் இன்னது செய்தீரே, இன்னது பேசினீரே, நினைவிருக்கிறதா என்று. நான் அறிவு மயங்கியிருந்தேன், எனக்கு நினைவில்லை என்று அவர் சொல்லியும் விடவில்லை. அதற்கென்றே பகவான் ஒரு வினயத்தை ஏற்படுத்தினார். அமூள்ஹ வினயம் என்பது அதன் பெயர். மயக்கம் நீங்கினவர் சங்கத்தின் முன் வேண்டிக்கொள்ள, மயக்கத்தில் செய்தவற்றுக்காக அவரைக் குற்றம் சாட்டலாகாது என்று சங்கம் தீர்ப்பளிக்கும். இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட நூல் இது. நம் தெருவைப் பாருங்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பியவன் ஒருநாள் உரக்கச் சிரித்தால், திரும்பிவிட்டதா என்று கண்ணால் பேசிக்கொள்கிறோம். பெண் கேட்டுப் போனால் பழைய கதை முந்திக்கொண்டு போகிறது.

இதனினும் கடினமான செய்தி ஒன்று உண்டு. அதனைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. வைசாலியில் பகவான் பிக்குகளுக்கு உடலின் அழுக்கைச் சிந்திக்கும் தியானத்தைப் புகழ்ந்துரைத்து, அரைத்திங்கள் தனித்திருக்கச் சென்றார். அத்தியானத்தில் மூழ்கிய பிக்குகள் பலர் தம் உடலையே வெறுத்து உயிரை இழந்தனர். மீண்டுவந்த பகவான், சங்கம் ஏன் இவ்வாறு மெலிந்திருக்கிறது என்று ஆனந்தரை வினவினார். ஆனந்தர் நடந்ததைச் சொல்லி, வேறொரு முறையைக் கற்பிக்குமாறு வேண்டினார். அப்போது பகவான் பிக்குகளைக் கூட்டிக் கற்பித்ததே மூச்சினைக் கவனிக்கும் தியானம். இந்நிகழ்ச்சியைப் பிடகங்கள் மறைக்கவில்லை. வினயத்திலும் சம்யுத்த நிகாயத்திலும் எழுதியே வைத்தன. தியானம் எவருக்கும் எப்போதும் நன்மையே செய்யும் என்று சொல்லித்திரிவோர் இதனைப் படிக்கவேண்டும். நாமும் படிக்கவேண்டியிருந்தது.

அங்ஙனமாயின் தம்மத்துக்கு மனநோய் மருத்துவத்தில் இடமே இல்லையோ என்று கேட்பீர்கள். உண்டு, இன்று மேனாட்டு மருத்துவர்களே அதற்கு இடம் அளந்து கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1979-ஆம் ஆண்டு ஜான் கபட்-ஜின் என்பார், நாட்பட்ட வலியால் வருந்துவோருக்கு நற்கடைப்பிடிப் பயிற்சியைக் கற்பிக்கலானார். நற்கடைப்பிடி என்பது நிகழ்வதை நிகழும்போதே விழிப்போடு கவனித்தல். அதனைத் தழுவி, சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்னும் மூவர் மனச்சோர்வு நோய்க்கென எட்டு வாரப் பயிற்சி ஒன்றை அமைத்துச் சோதித்தனர். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அச்சோதனையில் கலந்துகொண்டோர் 145 பேர். மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களுள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 66 பேருக்கு ஓராண்டளவில் நோய் திரும்பிற்று. பயிற்சியும் பெற்றோரில் நூற்றுக்கு 37 பேருக்கே திரும்பிற்று. இருமுறை மட்டும் நோய் கண்டவர்க்கோ இப்பயிற்சியால் பயன் தோன்றவில்லை.

இதில் இரண்டு செய்திகள் நம் காதில் ஏறவேண்டும். பயிற்சி பெற்றோர் நோய் முற்றியிருந்த வேளையில் பெறவில்லை. தேறியபின், மீண்டும் வாராதிருக்கப் பெற்றனர். வெள்ளம் வடிந்தபின் கரை உயர்த்துவது போன்றது அது. வெள்ளத்தில் தத்தளிப்பவன் கையில் மண்வெட்டியைக் கொடுப்பதில்லை. மேலும், ஒருசாராருக்குப் பயன்பட்டது மற்றொருசாராருக்குப் பயன்படவில்லை என்பதை அவர்களே எழுதிவைத்தார்கள். வைசாலி நிகழ்ச்சியை எழுதிவைத்த பிடகத்தின் நேர்மையும் இதுவும் நமக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன.

இனி அப்பயிற்சியின் உட்பொருளை நம் தொழிலிலிருந்தே சொல்வோம். ஏட்டைவிட அது நமக்குக் கைவந்தது. ரிங் பிரேமில் நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒருசேரச் சுழலும். எங்கேனும் ஓரிழை அறும். அறுந்த இழைக்காக பிரேம் நிற்பதில்லை. கவனியாது விட்டால் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொண்டு பக்கத்து இழையையும் கெடுக்கும். சைடர் வேலையில் புதிதாக வந்த பையன் இழை அறுந்தவுடன் பதறுவான், தன்னையே திட்டிக்கொள்வான். பதற்றத்தில் இன்னும் இரண்டை அறுப்பான். பழகியவன் நடந்துகொண்டேயிருப்பான், அறுந்ததைக் கண்டால் விரலால் ஒட்டவைத்துவிட்டு அப்பால் நடப்பான். எத்தனை முறை அறுந்தது என்று எண்ணுவதில்லை. மூச்சைக் கவனிக்கையில் மனம் ஓடுவதும் இவ்வாறே. ஓடிற்று என்று கண்டால் ஒட்டவைத்துவிட்டு நடக்கவேண்டியதுதான். மனச்சோர்வு கண்டவர் ஒரு துன்ப நினைவு வந்தவுடன், ஐயோ மறுபடியும் வந்துவிட்டதே, நான் உதவாதவன் என்று தொடர்கிறார். ஓரிழை அறுந்ததற்கு பிரேம் முழுவதும் கெடுகிறது. அந்தத் தொடர்ச்சியைக் கண்டுகொள்ளக் கற்பிப்பதே அப்பயிற்சியின் பெரும்பகுதி.

மஜ்ஜிம நிகாயத்திலும் தீய நினைவுகளை நீக்க ஐந்து உபாயங்கள் சொல்லப்படுகின்றன. தச்சன் பெரிய முளையைச் சிறிய முளைகொண்டு அடித்து வெளியேற்றுவதுபோல் ஒரு நினைவை நல்ல நினைவு ஒன்றால் நீக்குவது முதலாவது. விரைந்து நடப்பவன், ஏன் விரைகிறேன் என்று மெல்ல நடந்து, பின் நின்று, பின் அமர்ந்து, பின் படுப்பதுபோல நினைவின் வேகத்தைப் படிப்படியாகத் தணிப்பதும் அவற்றுள் ஒன்று. கவலையால் உறக்கமிழந்த தாய்மார்களுக்கு இந்த இரண்டாவதை நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம். பயன் கண்டதும் உண்டு. பல்லைக் கடித்து மனத்தை மனத்தால் அடக்குவது கடைசியில் வருகிறது. நம் ஆட்கள் அதையே முதலில் பிடிக்கிறார்கள்!

சம்யுத்த நிகாயத்து இரு அம்புகளை எல்லீரும் அறிவீர். உடலில் தைத்த அம்பு ஒன்று. அதனை நினைந்து புலம்பும் மனம் தானே எய்துகொள்ளும் அம்பு மற்றொன்று. இரண்டாவது அம்பைத் தடுக்கத் தம்மம் கேடயமாகும். முதல் அம்பைப் பிடுங்க வைத்தியன் வேண்டும். மூன்றாவதும் ஒன்று உண்டு என்போம். அது சூத்திரத்தில் இல்லை, நாம் சேர்த்தது: ஊரார் நாவிலிருந்து வரும் அம்பு. அந்தத் தமக்கையாரைக் கேளுங்கள், மூன்றில் எது ஆழத் தைத்ததென்று.

2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநலம் குன்றியோரை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓடவியலாது வெந்தனர். 28 உயிர்கள் மாண்டன. வேண்டுதலால் குணமாகும் என்று நம்பி உற்றாரே கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். வேறொரு சமயத்தாரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. மருந்து வேண்டாம் என்று சென்ற ஆண்டு இம்மண்டபத்தில் சொன்னபோது நாமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சங்கிலியைத்தான் பூட்டினோம்.

இதற்கு மாறான வழியும் இந்நாட்டிலேயே காட்டப்பட்டிருக்கிறது. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் என்பார் நோயாளியின் குடும்பத்தாரையும் வரவழைத்து, வளாகத்திலேயே கூடாரங்களில் உடன் தங்கவைத்தார். மருந்தும் உறவும் ஒரே கூடாரத்தில் இருந்தன. இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவதைக் குடிமகனின் உரிமையாக்கி, சங்கிலியிடுவதையும் தடைசெய்கிறது. 2022 அக்டோபர் முதல் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணும் இயங்குகிறது; எவ்வேளையிலும் தமிழிலும் பேசலாம். உயிரை வெறுத்துப் பேசுபவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் நம்மைத் தேடி மண்டபத்துக்கு வரவேண்டாம். முதலில் அந்த எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரையால் கை நடுங்குகிறதென்றால், உடல் பெருக்கிறதென்றால், அதனை டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் அவருக்குத் தெரியும். உள்ளபடி சொல்வதும் நல்ல நோயாளியின் இலக்கணம் என்று மேலே கண்டோம். தியான வகுப்பில் சேர விரும்பும் எவரிடமும், உறக்கம் எப்படி, மருந்து உண்டா, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டபின்னரே சேர்ப்பது என்று நம் சங்கம் முடிவு செய்திருக்கிறது. நாமே அதனை முன்மொழிந்தோம்.

அந்தத் தம்பி சென்ற பௌர்ணமியன்று வந்தார். மாத்திரை உண்கிறார், அச்சக வேலைக்கு அரைநாள் போகிறார். வாசற்பக்கம் அமர்ந்து, நடுவிலேயே எழுந்து போய்விட்டார். பக்கத்திலிருந்த ஒருவர் தடுக்க எழுந்தார். வேண்டாம் என்று கை காட்டினோம். இன்றும் அவருக்கென ஒரு பாய் வாசலருகே விரித்திருக்கிறோம். இதுவரையில் அவர் வரவில்லை. நாம் உபோசதத்தைத் தொடங்குவோம்.